வரி உண்டு; புள்ளி இல்லை!

செட்டிநாட்டில் பிறந்த எவர்க்கும் ‘புள்ளி’ என்ற சொல்லுக்கு விளக்கம் வேண்டுவதில்லை. பிற ஊர் அன்பர்களுக்காக ஒரு சொல் சொல்லி மேற்செல்வோம். இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என நகரத்தார்க்குரிய கோயில்கள் ஒன்பது. மணமான ஒவ்வோர் இணையும் தத்தம் கோயிலில் ஒரு புள்ளி. புள்ளிக்கு வரி உண்டு. வரி கட்டியவன் பெயர் கோயிற் கணக்கில் ஏறும். கணக்கில் ஏறியவன் கூட்டத்தில் வாய் திறக்கலாம். இஃது ஒரு குலத்தின் வேலிக்குள் அடங்கிய முறையே. அவ்வேலிக்கு வெளியே நின்ற தச்சனையும் கொல்லனையும் கொத்தனையும் எவரும் புள்ளியாக எண்ணவில்லை என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆயினும், எவனிடம் கை நீட்டிக் காசு வாங்குகின்றோமோ அவனை ஓர் ஆளாக எண்ணியாக வேண்டும் என்ற அடிப்படை நயன்மையேனும் அங்கே இருந்தது.

சென்னைக் கிண்டியில் அமர்ந்திருக்கும் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தை அமைத்த சட்டத்தில் அந்த அளவு நயன்மையும் இல்லை. தொழில் தொடங்க இசைவு, தொழில் நடத்த இசைவு என்று இருமுறை கட்டணம் வாங்கும் வாரியம் அது. 1988 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 33-அ பிரிவின்படி ஒரு பட்டறையை மூடச் சொல்லவும், அதன் மின்னையும் நீரையும் அறுக்கச் சொல்லவும் அதற்கு ஆற்றல் உண்டு. இத்துணை ஆற்றல் படைத்த வாரியத்தில், அவ்வாற்றலுக்கு அடங்கி நடக்க வேண்டிய சிறுதொழிலானுக்கு என்று எழுதி வைத்த இருக்கை ஒன்றேனும் உண்டா? இல்லை. வரி உண்டு, புள்ளி இல்லை!

காரைக்குடியை அடுத்த ஆத்தங்குடிக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடிப் பலகையின்மேல் சட்டத்தை வைத்து, பூவும் கொடியுமாகப் பிரித்த அச்சுக்குள் வண்ணக் கூழை ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கி, அதன்மேல் மணலும் சிமிட்டியும் கலந்த உலர்பொடியைத் தூவி, ஈரக்காரை இட்டு மட்டஞ் செய்து, வெயிலில் காயவைத்து, நீர்த்தொட்டியில் சில நாள் ஊறப்போட்டு எடுக்கின்றனர். சூளை இல்லை, நெருப்பு இல்லை, புகைபோக்கி இல்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் பளபளப்பாக மாறிவிடுகின்றது. செட்டிநாட்டு வீடுகளின் தரையில் நடந்தவர் எவரும் அந்தக் கைத்திறனை மறவார்.

இப்பொழுது அந்தக் கல்லைத் தாளில் பாருங்கள். 2016 ஆம் ஆண்டு நடுவண் மாசு கட்டுப்பாட்டு வாரியம் நாட்டிலுள்ள தொழில்களையெல்லாம் மாசு மதிப்பெண் இட்டு நான்கு நிறமாகப் பிரித்தது. 60உம் அதற்கு மேலும் சிவப்பு. 41 முதல் 59 வரை செம்மஞ்சள். 21 முதல் 40 வரை பச்சை. 20உம் அதற்குக் கீழும் வெள்ளை. சிமிட்டியால் செய்யும் குழாய், தூண், உறைவளையம், தரைக்கல் எல்லாம் ஒரே வரியில் பச்சை வகையாக அடைக்கப்பட்டன. கூடவே ஓர் அடைப்புக்குறி: இவற்றை மூடிய கொட்டகைக்குள் செய்ய வேண்டுமாம்! தூசி பறக்கும் பெரிய கூடத்துக்கு அது பொருந்தும். கையால் தூவிக் கையால் மட்டஞ் செய்து வெயிலை நம்பிப் பிழைக்கும் ஆத்தங்குடிக்காரனுக்கு எவ்வளவு மூடினால் போதும், எங்கே திறந்திருக்கலாம் என்று அவனைக் கேட்டு எழுதியவர் எவர்?

கண்டாங்கியின் நிலை இன்னும் வேடிக்கை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற புடைவை அது. அதே பட்டியலின்படி, சாயந்தோய்க்காமல் கைத்தறியில் நெய்வது வெள்ளை வகை. நூலுக்குச் சாயம் தோய்ப்பது சிவப்பு வகை. ஆகவே முன்கட்டில் தறி நிற்க, பின்கட்டில் தொட்டி வைத்துச் சாயம் தோய்ப்பான் ஒருவன் இருப்பானாகில், அவன் வீட்டு வாயில் வெள்ளை, கொல்லை சிவப்பு! இதை நாம் நகைப்புக்குச் சொன்னாலும், சாயநீர் நஞ்சன்று என்று சொல்லவில்லை. நஞ்சுதான். ஆனால் பத்துச் சேர் நூலைத் தோய்க்கும் தொட்டியும் பெருங்கூடத்துச் சாயப் பொறியும் ஒரே நிறத்துக்குள் நிற்கும்பொழுது, அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை எடுத்துச் சொல்ல அறைக்குள் ஒருவன் இருக்க வேண்டாவா? பட்டியல்கள் திருத்தப்படும், மீண்டும் மாற்றப்படும். எத்தனை முறை மாறினும் மாற்றுகின்ற மேசையைச் சுற்றி இருப்போர் யார் என்பதே நம் கேள்வி.

சில திங்களுக்கு முன் பட்டறைக்காரப் பெரியவர் ஒருவர் ஒரு மடலைக் கொணர்ந்து நம்மிடம் நீட்டினார். ஏதோ ஓர் அலுவலகத்தினின்று வந்த ஆங்கில மடல். “ஐயா, கட்டணம் கட்டச் சொல்லியிருக்காகளா, கடையை மூடச் சொல்லியிருக்காகளா? அதை மட்டும் படிச்சுச் சொல்லுங்க” என்றார். இரண்டும் இல்லை, ஒரு தாள் குறைகின்றது என்பதே செய்தி. அதைத் தெரிந்துகொள்ள அவருக்குப் பதினொரு நாள் ஆயிற்று. வாரியத்தின் ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்யச் சட்டம் தருவது 30 நாள். வந்தது ஆணையாக இருந்திருப்பின், மூன்றில் ஒரு பங்கு நாள், படிக்க ஆள் தேடுவதிலேயே கழிந்திருக்கும். தமிழ்நாட்டின் ஆட்சிமொழி தமிழ் என்று 1956ஆம் ஆண்டே சட்டம் செய்த நாட்டில்!

சட்டம் என்ன சொல்கின்றது என்பதை இனி எண்ணிப் பார்ப்போம். எண்ணுதல் வேண்டும், ஏனெனில் எண்ணிக்கையில்தான் சூழ்ச்சி ஒளிந்திருக்கின்றது. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு மாநில வாரியத்தின் உறுப்பினரை வகுக்கின்றது. தலைவர் ஒருவர். அரசு அலுவலர் ஐவர்க்கு மிகாமல். உள்ளாட்சி மன்றங்களின் உறுப்பினர் ஐவர்க்கு மிகாமல். உழவு, மீன்பிடிப்பு, தொழில், வணிகம், இன்னும் அரசு கருதும் வேறெந்த நலனாயினும், இவை அனைத்துக்கும் சேர்த்து அலுவலரல்லாதார் மூவர்க்கு மிகாமல். மாநில அரசுக்குரிய நிறுவனங்களின் சார்பில் இருவர். முழுநேர உறுப்பினர்–செயலர் ஒருவர். கூட்டினால் பதினேழு. பதினேழு பேரையும் அமர்த்துவது அரசே. ஒருவரையேனும் தேர்ந்தெடுக்கும் உரிமை எவர்க்கும் இல்லை.

சொற்களை உற்றுநோக்குங்கள், அன்பர்களே! அரசின் நிறுவனங்களுக்கு ‘இருவர்’ என்று அறுதியிட்டு எழுதிய கை, உழவனுக்கும் மீனவனுக்கும் தொழிலாளிக்கும் வணிகனுக்கும் ‘மூவர்க்கு மிகாமல்’ என்று எழுதுகின்றது. முன்னதற்குக் குறையாத உறுதி. பின்னதற்கு மீறாத வரம்பு! அந்த மூன்று இருக்கைகளில் ஆலைத் தலைவர்களின் கழகத்தார் ஒருவர் அமர்ந்தாலும் சட்டம் நிறைவேறியதாகிவிடும். ஆத்தங்குடியும் மானாமதுரையும் சிவகாசியும் குடியாத்தமும் அவரே பேசியதாகக் கணக்கு முடியும். செட்டிநாட்டு வழக்கில் சொன்னால், பெரும்புள்ளி ஒருவர் வந்துவிட்டால் சிறுபுள்ளிகளை எண்ண வேண்டுவதில்லை.

நடுவணரசுக்குச் சிறுதொழிலானை எண்ணத் தெரியாமலில்லை. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய வாரியத்தில் இத்தொழிலாரின் சங்கங்களுக்கு இருபது இருக்கை எழுதப்பட்டுள்ளது. அவற்றுள் மகளிர் தொழிற்சங்கங்களுக்கு மூன்றுக்குக் குறையாமலும், குறுந்தொழிற் சங்கங்களுக்கு மூன்றுக்குக் குறையாமலும் உண்டு. அவ்வாரியம் செய்வது என்ன? ஆராயும், அறிவுரை கூறும். பட்டறையின் மின்னை அறுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. பேச்சுக்கு இருபது பாய் விரித்தவர், ஆணைக்கு ஒரு பாயும் விரிக்கவில்லை!

“பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதா? மாசு செய்கின்றவனையே மாசு தடுக்கும் மன்றத்தில் அமர்த்துவதா?” என்று கேட்பார் உளர். தக்க கேள்விதான், தட்டிக் கழிக்க மாட்டோம்.

முதலில், பூனை ஏற்கெனவே உள்ளே அமர்ந்திருக்கின்றது. எண்ணூரில் கொற்றலையாற்றிலும் கழிமுகத்திலும் அனல்மின் சாம்பல் படிந்ததை நாடறியும். அந்நிலையங்கள் மாநில அரசின் மின்கழகத்துக்குரியவை. அரசுடைமை நிறுவனங்களுக்குச் சட்டமே இரண்டு இருக்கை தந்திருக்கின்றது. பெரிய பூனைக்கு உறியடியில் பாய். சிறிய பூனைக்குத் தெருவில் கோலடி! கழிவுநீர் தூய்மைப் பொறிகளை ஆக்கி விற்கும் நிறுவனத்தில் பங்குடையவன் உறுப்பினனாகக் கூடாது என்று 6ஆம் பிரிவு தடுக்கின்றது. தன்னலத்தைத் தடுக்க வேலி கட்டும் வழி சட்டம் எழுதியோர்க்குத் தெரியும் என்பதற்கு அதுவே சான்று. அதே வேலியைச் சிறுதொழிற் பேராளனுக்கும் கட்டட்டும்: தன் பட்டறை பற்றிய செய்தி வரும்பொழுது அவன் எழுந்து வெளியே போகட்டும்.

அடுத்து, சிறுதொழில் எல்லாம் தூய தொழில் என்று நாம் பாடவில்லை. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் கூடங்கள் பாலாற்றையும் கிணற்றையும் கெடுத்தன. வேலூர் மக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில் 28-8-1996 அன்று உச்ச அறமன்றம், கெடுத்தவனே ஈடு செய்க என்ற நெறியை நிலைநாட்டியது; கூடம் ஒன்றுக்கு 10,000 உருபா ஒறுப்பும் இட்டது. திருப்பூரின் சாயநீர் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்குட்டையாயிற்று. உழவர்கள் அறமன்றம் ஏறினர். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறலாகாது என்று 2006 திசம்பரில் ஆணை பிறந்தது. அது நிறைவேறாமல் நாள் கடந்து, 28-1-2011 அன்று சென்னை உயர் அறமன்றம் சாய, வெளுப்புப் பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொல்லிற்று. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன. கூலித் தொழிலாளர் மூட்டை கட்டினர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் நம் கோரிக்கைக்கு எதிரான சான்றாகக் காட்டுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். நொய்யலில் நிலம் இழந்த உழவனும் பட்டறை இழந்த சிறு சாயக்காரனும் ஒருவரையொருவர் முதன்முதலில் நேர்நின்று கேட்டது எங்கே? அறமன்றப் படிக்கட்டில்! அதற்கு முன் இருவரும் ஒரு மேசைக்கு எதிரெதிரே அமரவும், உழவன் தன் கிணற்று நீரைக் குவளையில் கொண்டுவந்து வைக்கவும், ‘எனக்குத் தனித்துத் தூய்மைக் கூடம் கட்ட இயலாது, பொதுக்கூடத்தை எவ்வளவு கொள்ளளவில் கட்டுவீர்?’ என்று சாயக்காரன் கேட்கவும் ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். சாயக்கூடங்கள் ஆற்றங்கரையில் ஒன்று பத்தாகிப் பத்து நூறாகிய அத்தனை ஆண்டும் வாரியமும் இருந்தது. ஆகவே, சிறுதொழிலானுக்கு இருக்கை கேட்கும் நாம், அதே மூச்சில் அவன் எதிரே உழவனுக்கும் இருக்கை கேட்கின்றோம். இருவருக்கும் பொதுவாக மூன்று பாய் என்பது இருவரையும் வெளியே நிறுத்தும் தந்திரம்.

அந்த மூன்றை நான்காக்க வேண்டுமென்றால் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தால் ஆகுமா? ஆகாது! இதுதான் நெஞ்சைச் சுடும் செய்தி. நீர் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆகவே தில்லி தானே சட்டம் செய்ய இயலாமல், அரசமைப்புச் சட்டத்தின் 252ஆம் கூற்றைப் பற்றி, சில மாநிலங்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் 1974இல் இச்சட்டத்தைச் செய்தது. தமிழ்நாடு முதலில் கேட்டுக்கொண்ட மாநிலங்களுள் ஒன்றன்று. பின்னரே அதனை ஏற்றது. 27-2-1982 அன்று வாரியம் அமைந்தது. ஏற்றபின் நிலை என்ன? அதே கூற்றின்படி, அதைத் திருத்தவோ நீக்கவோ மாநிலச் சட்டமன்றத்துக்கு உரிமை இல்லை. நம் ஆறு, நம் ஏரி, நம் கிணறு; அவற்றைக் காக்கும் வாரியத்தில் ஒரு பாய் கூட்டி விரிக்க வேண்டுமென்றாலும் தில்லி நாடாளுமன்றம் கை தூக்க வேண்டும்!

2024இல் தில்லி இன்னும் ஓரடி முன்வைத்தது. அவ்வாண்டுத் திருத்தம், மாநில வாரியத் தலைவரை அமர்த்தும் முறையை நடுவணரசே வகுக்கலாம் என்கின்றது. எவ்வகைத் தொழிலுக்கு இசைவு வேண்டா என்பதையும் நடுவணரசே அறிவிக்கலாம் என்கின்றது. பல குற்றங்களுக்குச் சிறையை நீக்கி 10,000 முதல் 15 இலக்கம் உருபா வரை ஒறுப்புத் தொகை வைத்தது. முதலில் இமாசலத்துக்கும் இராசத்தானுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும். பிற மாநிலங்கள் முடிபு செய்து ஏற்றால் அங்கும் செல்லும். பெருமுதலாளிக்கு 15 இலக்கம் ஒரு நாள் விருந்துச் செலவு. தரைக்கல் பட்டறைக்காரனுக்குக் கீழ்வரம்பான 10,000மே ஒரு திங்கள் அடுப்பு.

தில்லிக்கு நம் தொழிலாளர் பெயரேனும் தெரியுமா? 15-1-2016 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, மட்கலம் வனைவோர் கையால் களிமண் எடுப்பதற்கு முன்னிசைவு வேண்டா என்று விலக்கு அளித்தது. விலக்கு நல்லதே, நன்றி சொல்வோம். ஆனால் அதில் குயவர்க்கு இட்ட பெயர் ‘கும்கார்’! இந்திக்காரன் தன் ஊர்க் குயவனை அழைக்கும் பெயர். இதே சிவகங்கை மாவட்டத்து மானாமதுரையில், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்கலங்களையும், இசையரங்குகளில் முழங்கும் கடத்தையும் வனைகின்ற வேளார், தமக்குக் கிடைத்த உரிமை எதுவென்று அறிய, முதலில் தம் பெயர் ‘கும்கார்’ என்று அறிந்துகொள்ள வேண்டும். அம்மேசையருகே தமிழ்க் குயவன் ஒருவன் அமர்ந்திருந்தால் இப்படி எழுதியிருப்பார்களா?

அயல்நாட்டைப் பார்த்துப் படி எடுப்பது நம் வழக்கமன்று. ஆயினும் முதலாளியத்தின் தலைவீடான அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத் திருத்தத்தின் 507ஆம் பிரிவைச் சொல்லாமல் விடுதல் தகாது. மாநிலந்தோறும் சிறுதொழில்களுக்கென எழுவர்க்குக் குறையாத ஓர் அறிவுரைக் குழு. நால்வர் சிறுதொழில் உடையோர். அவர்களைத் தெரிவு செய்வது ஆளுநர் அல்லர். சட்டமன்றத்தின் ஆளுங்கட்சித் தலைவரும் எதிர்க்கட்சித் தலைவரும் பங்கிட்டுத் தெரிவு செய்வர். இருவர் பொதுமக்கள் சார்பில்; அவர்கள் தொழிலுடையோராக இருத்தலாகாது. ஒருவர் துறையின் சார்பில். அக்குழுவின் கடமைகளுள் ஒன்று என்ன தெரியுமா? சிறுதொழிலாருக்குச் செல்லும் தாள்கள் பொதுமகனுக்கு விளங்கும்படி உள்ளனவா என்று படித்துப் பார்த்தல்! பதினொரு நாள் அலைந்த நம் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். அக்குழுவுக்கும் ஆணையிடும் ஆற்றல் இல்லை என்ற குறை உண்டு. ஆனாலும் அங்கே எண்ணப்படுகின்றான்.

‘வாரியம்’ என்ற சொல் மட்டும் நம்முடையது. பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பேசுகின்றன. முப்பது குடும்பிலும் ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு எடுத்தனர். ஏரி வாரியத்துக்கு அறுவர். ஆண்டு முடிந்ததும் இறங்க வேண்டும். கணக்குக் காட்டாதவன் மீண்டும் வர இயலாது. அவன் உறவினரும் வர இயலாது. அது பார்ப்பன ஊர்; காணி நிலமும் மறையோத்தும் உடையார்க்கே ஓலை; ஏரியில் மண் சுமந்தவன் பெயர் அக்குடத்தில் விழவேயில்லை. ஆகவே அதைப் பொற்காலம் என்று நாம் தலையில் வைத்து ஆடவில்லை. குடவோலையை எறிந்துவிட்டு வாரியம் என்ற பெயரை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டவர்களைத்தான் கேட்கின்றோம்: ஓலை எங்கே?

தில்லி தடுக்கின்றது என்று சொல்லிச் சென்னை ஒதுங்கவும் இயலாது. அதே 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவைப் படியுங்கள். வாரியம் எத்தனை குழுக்களை வேண்டுமாயினும் அமைக்கலாம். அக்குழுக்களில் முழுவதும் வெளியாரே இருக்கலாம். 10ஆம் பிரிவு, தேவையானவரை வாரியத்தோடு சேர்த்துக்கொண்டு பேச வைக்கலாம் என்கின்றது. வாக்கு மட்டும் இல்லை. எனவே மாவட்டந்தோறும் ஒரு குழு அமைக்க எந்த நாடாளுமன்றமும் கை தூக்க வேண்டுவதில்லை. சிவகங்கை மாவட்டக் குழுவில் ஆத்தங்குடிக் கல் தொழிலார், கண்டாங்கி நெசவாளர், மானாமதுரை வேளார், செங்கற் சூளையார் ஆகியோர் தத்தமக்குள் தேர்ந்தெடுத்த ஒவ்வொருவர். அவர்களுக்கு ஈடாகக் கண்மாய்ப் பாசன உழவர். கொட்டான் முடையும் மகளிருள் ஒருவர். அறிவியல் வேண்டுமென்றால் நெடுந்தொலைவு போக வேண்டா. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலக்கம் உருபாவும் ஈந்து வரவழைத்த மின்வேதியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியிலேயே இருக்கின்றது. குன்றக்குடி அடிகளார் அவ்வாய்வகத்தாரைத் தம் ஊருக்கே அழைத்துவந்து சிற்றூர்த் திட்டம் வகுத்துத் தொழிற்கூடங்கள் கண்டார். சாயத் தொட்டியின் நீரை எப்படித் தெளிய வைப்பது என்று கேட்டால் அங்குள்ளோர்க்குச் சொல்லத் தெரியாதா? கேட்பதற்குத்தான் குழு வேண்டும்.

மற்றவை அரசின் கையில் உள்ளவை. மூன்று இருக்கைகளுள் ஒன்றைச் சிறுதொழிலாருக்கென ஒதுக்கி, அவர்தம் சங்கங்கள் தேர்ந்தனுப்பும் பெயரையே அமர்த்துவது என்று இன்றே அறிவிக்கலாம். உழவர்க்கு ஒன்று. மீனவர்க்கு ஒன்று. மூன்றும் தீர்ந்தன, பெரும்புள்ளிகள் வேறு வழி பார்த்துக்கொள்ளட்டும், அவர்களுக்கு வழியா இல்லை? நிலையாக மாற்ற வேண்டுமென்றால், இச்சட்டத்தை மாநிலமே திருத்திக்கொள்ளும் உரிமையைக் கேட்டுச் சட்டமன்றம் முடிபு செய்து தில்லிக்கு அனுப்பட்டும்.

உறுப்பினர் பதவி மூன்றாண்டு. வாரியம் மூன்று திங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்பது சட்டம். எனவே நாள் கடத்த வேண்டா. காரைக்குடி, ஆத்தங்குடி, மானாமதுரைத் தொழிலன்பர்கள் தத்தம் சங்கத்தில் கூடி, ஓலையோ தாளோ, பெயர் எழுதிக் குடத்திலிட்டு எடுத்து, அப்பெயரை அரசுக்கும் வாரியத்துக்கும் எழுதி அனுப்புங்கள். தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் விடை வந்தால் தமிழில் கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். படியொன்றை நமக்கும் அனுப்பி வையுங்கள். வந்த விடை எந்த மொழியில் இருந்தது என்பதோடு சேர்த்து அடுத்த இதழில் அச்சிடுகின்றோம்.